துரை பங்களாப் புல்லும் நானும்

கல்யாணமான புதிதில் எனக்கு எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாப் புல்லின் மேல் பொறாமை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. துரையின் பிள்ளைகளும் நாய்களும் நாளெல்லாம் ஓடி, ஊஞ்சலடியில் மண் தெரியத் தேய்த்துவிடுவார்கள். இவர் ஓரத்திலிருந்து புல்லைப் பத்தையாகப் பெயர்த்து வந்து அங்கே பதிப்பார். வெயில் காலத்தில் அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்துவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிப் போர்த்தியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடாஸ் ஊரில் இருந்த என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் பங்களாவில் விருந்து. வந்தவர்கள் பந்தடித்துப் புல்லைக் கிளறிவிட்டார்கள். விடிந்ததும் இவர் அங்கே ஓடிவிட்டார். நான் புதுச்சேலையோடு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றேன்.

"என்னடி, ஒன் சக்களத்தி விடலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "பச்சச் சேல கட்டினவ லா, ஒன்னவிட அழகு!"

எனக்கு அழுகை முட்டியது. கூச்சத்தை விட்டுப் பங்களாவுக்கே போனேன். சீக்கிரம் முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாமே என்று வாளித் தண்ணீரைப் புதுப்புல்லில் மொத்தமாகக் கவிழ்த்தேன்.

"ஏ புள்ள, வேரு பேந்துரும்! இப்படித் தெளி" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார்.

நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. அதுவும் புல்லுக்காகத்தானே என்று நினைத்ததும் வயிறு எரிந்தது.

மத்தியான பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்று அக்கா கேட்டாள்.

புல்லால் என்று எப்படிச் சொல்வது? தலைவலி என்றேன்.