இலையைத் துடைத்தது நான்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கப்புறம் செய்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி. கணபதியில் ஒரே ஒரு லேத்தை வாடகைக்கு எடுத்து ஆரம்பித்தேன், இன்றைக்கு மூன்று பட்டறை. என் பட்டறை பம்பு பாலக்காடு தாண்டியும் தண்ணீர் இறைக்கிறது. மதுக்கரையில் எங்கள் ஓலைக் குடிசை இருந்த அதே இடத்தில் மாடி வீடு கட்டினேன். எங்கள் வேதக்கோயில் மணிக்கூண்டு சாய்ந்தபோது நிமிர்த்திக் கொடுத்தேன். எஞ்சினியர் போட்ட படத்தில் தப்பு இருக்கிறதென்று வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னவனும் நான்தான்.

இத்தனைக்கும் முன்னால், பத்து வயதில், நான் செய்து முடித்த முதல் காரியம் ஒன்று உண்டு. அதற்குத்தான் இன்னும் என் பெயர் வரவில்லை.

அப்போது அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தார். குடிசை காளவாய்க்குப் பின்னாலேயே. கல் வெந்து புகையும்போது எழும் தூள் கூரையில், கொடியில் காயும் துணியில், சோற்றில் என்று எல்லாவற்றிலும் படியும். பெரியவர்கள் காலங்காலமாகப் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள். காளவாய் வேலையே எங்களுக்கு ஒரு படி மேலே ஏறினதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டார். ஆர்.எஸ்.புரத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற இங்கிலீஷ் பள்ளியில் எங்கள் கோயில் பங்குக்கு ஒரு இடம் தருகிறார்களாம். ஒரே ஒரு பிள்ளைக்கு. பிள்ளையை நேரில் பார்த்துப் பேசித்தான் எடுப்பார்கள். பேசத் தெரியாவிட்டால் அந்த இடம் வேறு பங்குக்குப் போய்விடும். என் தங்கைக்கு நாலரை வயது. நேரில் பார்க்கிற நாளுக்குப் பத்து நாள் இருந்தது.

அம்மா தன் சேலையைக் கிழித்துக் கவுன் தைத்தாள். அப்பா, காளவாய்க் கணக்குப்பிள்ளை சொல்லுவதைக் கேட்டு வைத்திருந்த "குட்மார்னிங்"கைச் சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் என் தலையில்தான். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன். கை, கால், மூக்கு, ஒன்று முதல் பத்து எல்லாம் மூன்றே நாளில் ஏற்றிவிட்டேன். நிறத்துக்கு வந்ததும் வண்டி நின்றுபோனது. மிளகாய் ரெட், மஞ்சள் எல்லோ, சுண்ணாம்பு ஒயிட். வாசல் புங்க மரத்தில் ஒரு இலையைப் பறித்துக் காட்டினேன்.

"இது கிரீன். சொல்லு."

"ஒயிட்டு."

"கிரீன்டி."

"பொய் சொல்றான், அப்பா. வெள்ளையாத்தான இருக்குது?"

அப்பா இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பா சொல்றதும் நெசந்தானே, கண்ணு. நம்மூர்ல எலை இப்படித்தான இருக்குது."

மழை பெய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் நினைவு தெரிந்து பச்சை இலையைப் பார்த்திருக்கவே மாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எச்சிலைத் துப்பி, டவுசரில் அழுத்தித் துடைத்து நீட்டினேன். பச்சை வந்தது. திறந்த வாயை அவள் மூடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று. கைக்கு எட்டிய இலையை எல்லாம் துடைத்தாள். கணக்குப்பிள்ளை வீட்டுச் செம்பருத்திச் செடியையும் விடவில்லை. "ஏனுங்க, உங்க புள்ளையக் கூலிக்கு அனுப்புங்க, எங்கூட்டு மரத்தையும் கழுவட்டும்" என்று அந்த வீட்டம்மா அம்மாவைக் கிண்டல் செய்தாள்.

குறித்த நாளில் அப்பா இரவல் செருப்பு போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். உக்கடத்தில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். பள்ளிக்கூட வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். தங்கை நேராகப் போய் ஒரு இலையில் துப்பித் துடைத்தாள். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. பிறகு என் காதில் சொன்னாள்: "அண்ணா, இங்க ஆரோ முன்னாலயே தொடச்சுப்போட்டாங்க."

வாட்ச்மேன் அதட்டினதில், சிஸ்டர் முன்னால் அவள் குட்மார்னிங்கை விழுங்கிவிட்டாள். மூக்கைக் காட்டச் சொன்னதற்கும் அசையவில்லை. சிஸ்டர் ஜன்னலோரக் கொடியில் ஒரு இலையைக் கிள்ளி, "இது என்ன கலர், பாப்பா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜாடையாகத் தலையாட்டினேன்.

"தொடச்சாத்தானுங்க தெரியும்" என்றாள்.

சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் முன்னால் போய்க் காளவாய், தூள், மழை இல்லாதது, எச்சில், டவுசர் எல்லாம் ஒரு மூச்சில் சொன்னேன். சிஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். லீவில் கல் சுமந்து என் விரலெல்லாம் வெடித்திருந்தது.

"நீ என்ன படிக்கிறே?"

"அஞ்சு முடிச்சுட்டனுங்க, சிஸ்டர். இனி தெனமும் காளவாய்க்குத்தானுங்க" என்றேன் மிடுக்காக.

"இவனைப் படிக்க வைக்கக் கூடாதா?"

அப்பா இரவல் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவனும் படிக்கப் போயிட்டா ஊட்ல அடுப்பெரியாதுங்க, சிஸ்டர்."

தங்கைக்கு இடம் கிடைத்துவிட்டது. திரும்பும்போது உக்கடத்தில் பேக்கரிக்கு முன்னால் அப்பா நின்றார். ஒரு தேங்காய் பன் வாங்கினார். அதைப் பிய்த்து, ஜெயித்தவளுக்குச் சின்னத் துண்டும் எனக்குப் பெரிய துண்டும் கொடுத்தார். பஸ்ஸில் மதுக்கரை வரும்வரைக்கும் என் பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை. நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததற்குப் பரிசு என்று நினைத்து நான் பெருமையாகத் தின்றேன். அவர் ஏன் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

தங்கை கல்லூரிப் பேராசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். போன மாதம் அதே பள்ளி விழாவுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அரங்கில் இருக்கிற மின்விசிறி எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. இறக்கையில் என் பெயர் இருக்கிறது, சுற்றும்போது யாராலும் படிக்க முடியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இலைக் கதையைச் சொன்னாள். "எங்கப்பா இலையைத் துடைத்துக் காட்டினார்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நாலரை வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும் என்று நானும் தட்டிவைத்தேன்.

ஆனால் விழா மலரில் அதை அச்சடிக்கப் போகிறார்களாம். அதனால் தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன், அம்மணி. அந்தப் பன் அப்பாவுடையது. அந்தப் பெருமையில் நான் பங்கு கேட்கவில்லை. இலையைத் துடைத்தது நான். அச்சுக்குப் போகும் முன்னால் அந்த ஒரு வரியைத் திருத்து.