மருதனார்மடம் சந்தையில் அமெரிக்க விடுதலை

கத்தரிக்காய் விற்கிற அம்மா ஒருவர், பக்கத்தில் குந்தியிருக்கும் மகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கு மகளுக்கு வரலாற்றுச் சோதனையாம். கதை நடக்கிற இடத்தில் எனக்குக் கால் நகராது. பையை நீட்டியபடி நிற்கிறேன்.

“அமெரிக்கச் சனம் இங்கிலாந்து ராசாவை ஏன் வேண்டாமெண்டது?”

“ஆளுறவருக்கு அதிகாரத்தைக் கடவுள் குடுக்கேல்லை, சனம்தான் குடுக்குது. சனத்தின்ரை சம்மதம் இல்லாமல் ஆளேலாது எண்டு நினைச்சவை.”

“ராசா நல்லது செய்தாலுமோ?” என்று நான் மூக்கை நுழைக்கிறேன்.

“ஓம் அண்ணை, நல்லதையும் கேட்டுத்தான் செய்யவேணும்” என்றவள் தாயின் பக்கம் திரும்புகிறாள். “சோதினை முடிய என்னைக் கனடாவுக்கு அனுப்புறன் எண்டு மாமாவுக்குச் சொன்னனீங்கள். என்னைக் கேட்டனீங்களோ?”

தாயின் கையில் தராசு அப்படியே நிற்கிறது.

“உன்ரை நன்மைக்குத்தானேடி!”

“ராசாவும் அதைத்தான் சொன்னவர்.”

பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறார். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, இப்ப கேக்கிறன். போறியோ?”

உடனே மாட்டேன் என்பாள் என்று நினைக்கிறேன். அவளோ, “யோசிச்சுச் சொல்லுறன்” என்கிறாள்.

என் கத்தரிக்காயைத் தராசோடு கீழே வைத்துவிட்டு, தாய் தன் அண்ணனுக்குப் போன் எடுக்கிறார். “அண்ணை, பிளேன் ரிக்கற் இப்ப போடாதேங்கோ. பிள்ளையை இண்டைக்குத்தான் கேட்டனான்.”