புத்தகத்துக்கு ஓர் இருக்கை

கல்முனை பஸ் நிலையத்தில் நானும் மருதமுனை நெசவாளி அபூபக்கர் காக்காவும் நிற்கிறோம். அவருடைய தங்கச்சி சுபைதா வரவில்லை. புத்தகம் வீட்டை விட்டுப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லையாம்.

அது அவர்களுடைய பாட்டனார், மூத்தவாப்பா, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் எழுதிவைத்த வைத்தியக் கையேடு. கொழும்பில் நான் வேலைபார்க்கும் தேசிய நூலகத்தில் அடுத்த மாதம் கையெழுத்துப் பிரதிகளின் கண்காட்சி. அதற்காக இரவல் கேட்டு வந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னை நம்பி இதைத் தருகிறார்கள்.

காக்கா தான் நெய்த சாரத்தில் சுற்றிய பொதியோடு என் பின்னால் பஸ்ஸில் ஏறுகிறார். நான் அதை வாங்கிக் காலடியில் வைக்கக் குனிகிறேன். கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"மனே, இதில அல்லாட பேர், பிஸ்மி, எழுதிக் கிடக்கு. காலடியில வெக்கிறெண்டா நான் தரமாட்டன்."

"மேல் தட்டில வைப்பமா காக்கா?"

"அங்க முழுக்கக் கருவாட்டுப் பொதி."

"அப்ப மடியில வெச்சிருக்கன்."

"ஓம், கொழும்பு போய்ச் சேருமட்டும் நித்திரை கொள்ளாம இருப்பாய்!"

வெறுங்கையோடு திரும்பவேண்டி வருமோ என்று எனக்குப் பயம். காக்கா கொண்டக்டரைக் கூப்பிட்டு இன்னொரு டிக்கட் கேட்கிறார்.

"ஆள் எங்க?"

"இந்தா, எங்கட மூத்தவாப்பா. கொழும்புக்கு முதல் பயணம்."

"அப்ப யன்னல் பக்கம் இருக்கட்டும்," என்கிறார் கொண்டக்டர், சிரிக்காமலே.

நான் காசை எடுக்கிறேன். காக்கா என் கையைத் தள்ளிவிடுகிறார்.

"பயணக்காசு சுபைதா தந்தனுப்பினவ."

எண்ணிக் கொடுக்கிறார்: சரியாக ஒரு கொழும்பு டிக்கட் காசு.