இளவரசன் வாய மூடின எடம்

செத்துப் போன ராஜாங்களுக்கு வாய வாடகைக்கு வுடறதுதாங்க என் பொழப்பு. போன்ல சரித்திரக் காதல் கதை கேப்பாங்க பாருங்க, காதுல வயர மாட்டிக்கினு, தானா சிரிச்சிக்கினு, தானா கண்ணத் தொடைச்சிக்கினு? உங்க வூட்லயும் ஒருத்தர் இருப்பாங்க. பசிக்குதுன்னு கத்தினாலும் அவங்க காதுல வுழாது. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு, ஏன்னா அந்தக் கொரலு என்னுது. நானும் உங்கள மாதிரி அடிபட்டவன்தான், கேளுங்க.

கோட்டைய அப்பறம் கட்டலாம்

படூர்ல ஒரு அபார்ட்மெண்ட்டு ரூமு. செவுரு பூரா மெத்தை மாதிரி அடிச்சி, சத்தம் வரும்னு காத்தாடியையும் நிறுத்திட்டு, மைக்கு முன்னாடி உக்கார வச்சிடுவாங்க. கண்ணாடிக்கு அந்தாண்ட ஷீபா, ரெகார்டு பண்ணி வெட்டி ஒட்டற பொண்ணு. நான் திருவிழா மேடைல மிமிக்ரி பண்ணிக்கினு இருந்தவன், ஒம்போதாவதோட படிப்புக்கு கும்பிடு போட்டவன். இங்க இளவரசனும் நான்தான், வில்லன் சேனாதிபதியும் நான்தான், ஒற்றனும் நான்தான், குதிரையும் நான்தான். இளவரசிக்கு மட்டும் ஷீபா தனியா பேசி ஒட்டிக்குவா. "நீ பேசினா அவளுக்கு மீசை மொளைச்சிடும் அண்ணே"ன்னுட்டா.

கதை எழுதறவரு கல்பாக்கத்துல டெக்னீசியனா இருந்து ரிட்டயர் ஆனவரு. நாங்க ரைட்டர் சாருன்னுதான் கூப்புடுவோம். மனுசன் கோட்டையக் கட்ட ஆரம்பிச்சாருன்னா நிறுத்த மாட்டாரு. அகழி இன்னா ஆழம், கதவுல ஆணி எப்பிடி அடிச்சாங்க, யானை முட்டினா எங்க வளையும்... ஒரு எபிசோடு பூரா அதான். இளவரசி மாடத்துல நிக்கிறா, நின்னுக்கினே கீறா. கீழ ஒரு அம்மா கமெண்ட்டு போட்டுச்சு: "தம்பி, கோட்டைய அப்பறமா கட்டிக்கலாம், அந்தப் பொண்ணுக்கு கால் வலிக்கப் போவுது, மொதல்ல அவன அனுப்பு."

டாக்டரு மாதிரியே

இப்ப என் சொந்தக் கதை. என் சம்சாரம் பேரு மகா. அவங்க அம்மாவுக்கு வயித்துல கட்டி, செங்கல்பட்டுல ஆஸ்பத்திரில ஆபரேசன். மகா ரெண்டு நாளா தூங்கல. ஒரு வாய் நாஸ்தா கூட எறங்கல அவளுக்கு. நான் போயி நின்னேன். வார்டே எழவு வூடு மாதிரி இருந்துச்சு. என் வாய்தான் சும்மா இருக்காதே. அந்தப் பெரிய டாக்டரு மூக்கால பேசறது, கண்ணாடிக்கு மேல பாக்கறது, நடுவுல "ம்ம்... ம்ம்..."னு ஏப்பம் வுடறது, அப்பிடியே பண்ணிக் காட்டினேன். வார்டே சிரிக்குது. பக்கத்து பெட்டு பாட்டி தையலப் புடிச்சிக்கினு சிரிக்குது. திரும்பிப் பாத்தா டாக்டரு பின்னாடியே நின்னுக்கினு கீறாரு. அவரே சிரிச்சிட்டாரு.

மகா மட்டும் சிரிக்கல. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சி மாமியாவ அவங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போனாங்க. மகாவும் கூடப் போனா. போனவ போனவதான், குப்பத்து வூட்ல நான் ஒண்டியாளு. சண்டையும் இல்ல, கத்தலும் இல்ல. போன் பண்ணா எடுப்பா, "ம்"முனுவா, வச்சிடுவா. ஒருநாள்தான் வாயத் தொறந்தா: "எனக்கு அன்னிக்கு அழணும் போல இருந்துச்சுய்யா, அதுக்குக் கூட நீ வுடல."

அஞ்சலை அக்கா கேட்ட சத்தியம்

நான் இருக்கறது மாபலிபுரத்துக்கு இந்தாண்ட ஒரு குப்பம். தெரு மொனைல அஞ்சலை அக்கா மீன் விக்கும். ஐஸ் பொட்டி மேல போன சாத்தி வச்சிக்கினு, என் கதையக் கேட்டுக்கினே வஞ்சிரம் வெட்டும். இளவரசன் கப்பல்ல சண்டைக்குப் போன எபிசோடு அன்னிக்கு. என்னப் பாத்ததும் அருவாமனைய வுட்டு எழுந்துகிச்சு. "டேய், அவன் உசுரோட திரும்பி வருவானா மாட்டானா? இப்பவே சொல்லு."

"அக்கா, அதச் சொல்லிட்டா கதைல இன்னா சுவாரசியம்?"ன்னு சேனாதிபதி கொரல்ல கேட்டேன். அது சிரிக்கல. அதோட வூட்டுக்காரு, ரெண்டு பசங்க, மூணு பேரும் தெனம் கடலுக்குப் போறவங்க. "வருவான்க்கா"ன்னேன், என் சொந்தக் கொரல்லயே. போயி உக்காந்து மறுபடி வெட்ட ஆரம்பிச்சிது, கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. "அப்பறம் ஏங்க்கா அழுவற?"ன்னேன். "திரும்பி வந்துடுவான்னு தெரிஞ்சாத்தாண்டா நிம்மதியா அழ முடியும், தெரியாதப்ப எவ அழுவா?"

கண்ண மூடிக்கினு

சிறுசேரி போற பஸ்ல ஒருநாள். கண்டக்டரு சில்லறை இல்லன்னு எரிஞ்சி வுழறாரு. நான் அவரக் கலாய்க்கறதுக்காக இளவரசன் கொரல்ல, "நண்பரே, படூர் வரை ஒரு சீட்டு அருள்க"ன்னேன். முன்சீட்டுல ஒரு ஐடி கம்பெனி பொண்ணு டக்குன்னு திரும்பிச்சு. மூஞ்சில அப்பிடி ஒரு வெளிச்சம்! என் பின்னாடி தேடுது, என் பக்கத்துல தேடுது. கடைசில என் மேல கண்ணு வந்து நின்னுச்சு. என் வழுக்கை, என் தொப்பை, கைல கருவாட்டுப் பை.

வெளிச்சம் பொசுக்குன்னு போச்சு. பாவம், நல்ல பொண்ணு, சமாளிச்சிக்கிச்சு. எறங்கறப்ப என் கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சு: "தப்பா நினைக்காதீங்க அண்ணா, கதை ரொம்ப நல்லாருக்கு, இனிமே நான் கண்ணை மூடிட்டுத்தான் கேக்கணும்."

வெட்ட மறந்த கேப்பு

எங்க வேலைல ஒரு வழக்கம் உண்டு. ரைட்டர் சாரு எழுதற வார்த்தைங்க ரயிலு மாதிரி நீளமா வரும். முன்னாடியே ஷீபா எனக்கு ஒருவாட்டி வாசிச்சிக் காட்டிடுவா, நான் காதுல வாங்கி அப்பிடியே வுட்டுடுவேன். அன்னிக்கு அவளுக்கு அவசரம், வாசிக்காமலே மைக்கத் தொறந்துட்டா. எடம் இன்னான்னா, இளவரசன் சண்டைல ஜெயிச்சிட்டு திரும்பி வர்றான். அதே சண்டைல இளவரசியோட அப்பன் செத்துட்டான். அவ எதிர்ல நின்னு அழுவறா. இளவரசன் பேசணும். பேப்பர்ல பாக்கறேன், "கடைவிழிநீர்த்திவலைகளைத் துடைத்தருள்வாயாக"ன்னு கீது. எனக்கு மூச்சே நின்னுப் போச்சு. எழுத்து எழுத்தா மனசுக்குள்ள கூட்டறேன். வாய் தொறக்கறேன், மூடறேன், பெருமூச்சு வுடறேன். வேர்த்துக் கொட்டுது. எப்பிடியோ கூட்டி முடிச்சி, சொல்லித் தொலைச்சேன்.

நடுவுல பேச்சில்லாம வர்ற இந்த மாதிரி கேப்ப எல்லாம் ஷீபா வெட்டிடுவா. அன்னிக்கு வெட்டாம, அவ அழுகைய மட்டும் மேல ஒட்டி அனுப்பிட்டா. காலைல பாத்தா கமெண்ட்டு கொட்டுது. அவ அழுதுக்கினே கீறா, அவன் ஒரு வார்த்தை பேசல, மூச்சு மட்டும் கேக்குது, இதாண்டா காதலுன்னு ஊரே உருகுது. ரைட்டர் சாருக்குக் கோவம், "நான் எழுதுன வசனத்தைப் பத்தி ஒருத்தனும் சொல்லலியேய்யா"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் என் போன்ல ஒரு மெசேஜு. மகாகிட்ட இருந்து. அவ வூட்ட வுட்டுப் போன பொறவு தானா அனுப்பின மொத மெசேஜு: "அவ அழுது முடிக்கற வரைக்கும் அவன் கம்முனு இருந்தான் பாரு, அந்த எடம் நல்லாருந்துச்சு."

மௌனத்துக்கு ரிகர்சல்

எங்க கதையப் போடற கம்பெனி மேனேஜரு ஓடியாந்தாரு. "சைலன்ஸ்தான் ப்ரோ இப்ப ஹிட்டு, எபிசோடுக்கு மூணு சைலன்ஸாவது போட்டுருங்க"ன்னாரு. போட்டோம். இளவரசன் கம்முனு இருந்தான். சேனாதிபதி கம்முனு இருந்தான். ஒருநாள் குதிரையே லாயத்துல நின்னு யோசிச்சிது. அதுக்கும் ஒருத்தரு அழுவற பொம்மை போட்டாரு. இத்தினி வருசமா மேடை மேடையா கத்தி தொண்டை கிழிஞ்சவன் நான், எவனும் என்ன இவ்ளோ கொண்டாடினது இல்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், வேலைய வேலையாத்தான் செஞ்சேன். மூச்ச எங்க இழுக்கணும், எங்க நிறுத்தணும், தொண்டைல எச்சில எப்ப முழுங்கணும்னு அந்தப் பழைய கேப்பத் திரும்பத் திரும்பக் கேட்டு அச்சு அசலாப் புடிச்சிட்டேன். இத மகா எதிர்ல உக்காந்து ஒருவாட்டி செஞ்சி காட்டிட்டா போதும், அவளக் கூட்டிக்கினு வந்துடலாம்னு கணக்கு. ஷீபாகிட்ட சொன்னேன். ஹெட்போன கழட்டி மேசைல வச்சிட்டுக் கேட்டா: "அண்ணே, பேசினதுக்கு ஒருத்தனும் கை தட்டல, பேசாததுக்குத் தட்டறானுங்க, இதுல உனுக்கு ஏதாச்சும் வெளங்குதா?"

செங்கல்பட்டுல

வெளங்கலன்னு அப்பறந்தான் வெளங்கிச்சு. திருப்போரூர்ல பஸ் மாறி செங்கல்பட்டு போனேன். மாமியா தேறி உக்காந்துக்கினு கீது. என்னப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு. "மாப்ள, அந்த டாக்டரு மாதிரி பேசிக் காட்டுங்க, வயிறு வலிக்க சிரிச்சி எவ்ளோ நாளாச்சு!" நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுங்க. கடிச்சி உள்ள தள்ளினேன்.

மகா டீ எடுத்துக்கினு வந்து எதிர்ல உக்காந்தா. மெதுவாத்தான் ஆரம்பிச்சா. அம்மாவ உள்ள இட்டுக்கினு போனப்ப அந்தக் கதவு மூடின சத்தம், இவங்களும் போயிட்டா தனக்கு யாரு இருக்கான்னு நெனைச்சது. ஆஸ்பத்திரில அழாத அழுகைய இப்பத்தான் அழுதா. நான் ஒண்ணும் பேசல. தலையக் குனிஞ்சேன். மூச்ச இழுத்தேன், நிறுத்தினேன், வாய லேசா தொறந்து மூடினேன், எச்சில முழுங்கினேன், மெதுவா வுட்டேன். எல்லாம் கரெக்ட்டா வந்துச்சு. மனசுக்குள்ள ஒருத்தன் "சூப்பருடா"ன்னான்.

மகாவோட அழுகை பாதியில நின்னுச்சு. என் மூஞ்சிய உத்துப் பாத்தா. அந்த எபிசோட நூறு வாட்டி கேட்டவளாச்சே. முந்தானைல கண்ணத் தொடைச்சிக்கினு, டீ டம்ளர எடுத்துக்கினு எழுந்தா. கோவமா கூடச் சொல்லல: "கம்முனு இருக்கறதையும் மிமிக்ரி பண்றியேய்யா... கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

ஆகக்கூடி கதைல இளவரசனுக்கும் இளவரசிக்கும் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுங்க, தாலி கட்டறப்ப கெட்டிமேளமும் நானே வாயால கொட்டிடறேன்னு மேனேஜருகிட்ட ஒத்துக்கினேன்.