சாக்கரின் போட்ட பால் பாயசம்

யுத்த காலத்தில் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில், இரண்டு அறையும் ஒரு கூடமும். நடத்தியவரை அண்ணா என்பேன், அவர் மனைவியை மாமி என்பேன். இரவில் சமையலறையிலேயே படுக்கை. நாலாம் கிளாஸோடு படிப்பு நின்றவன் நான். யாரிடமும் முகம் பார்த்துப் பேசி வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் பாயசம் உண்டு. அதற்காகவே சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குமாஸ்தாக்கள் வருவார்கள். சர்க்கரைக்கு ரேஷன் வந்தபின், வாரம் ஒரு பாயசத்துக்குக்கூடப் போதவில்லை. வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடும். அண்ணா தாதரில் ஒரு மருந்துக்கடையிலிருந்து சின்ன சீசா ஒன்று வாங்கி வந்தார். உள்ளே பொடிப்பொடியாக மாத்திரைகள்.

"இனிமே இதுதான் ஓய் சர்க்கரை. சாக்கரின்னு பேர். ஒரு மாத்திரை, ஒரு கரண்டிக்குச் சமம்."

நான் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. சுவாமிக்குக் காட்டாததை வாயில் வைப்பது எங்கள் வழக்கமில்லை. பாயசத்தில் இனிப்புப் போதுமா என்பதைக் கையும் கண்ணும்தான் சொல்லும். சர்க்கரை போட்டதும் பால் முதலில் இளகும், பிறகு இறுகும். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்தால் எவ்வளவு ஒட்டுகிறது என்பதில் கணக்குத் தெரிந்துவிடும்.

மாத்திரையைப் போட்டேன். பால் இளகவில்லை, விரலில் ஒட்டவில்லை. சர்க்கரை போட்ட மாதிரியே வெகுநேரம் கொதிக்கவிட்டேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. மேடையில் கொஞ்சம் சிந்தியதற்கு எறும்புகூட வரவில்லை.

பந்தியில் முதல் ஆள் டம்ளரைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ரயில்வே குமாஸ்தா ஒரு வாய் தூக்கிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அரே, இது பாயசமா, வேப்பெண்ணெயா?"

"உமக்கு ஜுரம் வரப்போறது. கல்கண்டா இருக்கு!"

"அப்போ என்னோடதையும் நீரே குடியும்."

முதல் ஆள் அதையும் குடித்தார். உண்மையாகவே ரசித்துக் குடித்தார். பந்தி முழுவதும் இப்படியே. ஒருவருக்குத் தேன், பக்கத்தில் இருப்பவருக்குக் கஷாயம். எல்லாம் ஒரே உருளியிலிருந்து நான் ஊற்றியதுதான்.

பந்தி முடிந்ததும் அண்ணா உள்ளே வந்தார்.

"உருளியைப் புளி போட்டுத் தேய்ச்சேரா?"

"தேய்ச்சேன்."

"அடி பிடிச்சுதோ?"

"இல்லை அண்ணா."

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "எனக்கு இனிக்கத்தான் இனிக்கறது."

மாமி குடித்துவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனார். "தொண்டைவரைக்கும் கசக்கறது."

"நான் வாங்கிண்டு வந்தா உனக்கு எதுதான் கசக்கலை?" என்றார் அண்ணா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாதிப் பேர் மூஞ்சியைச் சுளிச்சா என் பொழைப்பு என்னாறது ஓய்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் கசந்துதுன்னா, கல்பாத்தியிலேர்ந்து வேற சமையல்காரனுக்குச் சொல்லிவிடறேன்."

எனக்கு ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும். வேறு எங்கே போவேன் என்று யோசிக்கவும் தெரியவில்லை. ஒரு சோப்புக் கம்பெனியில் பரிசோதனை வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மெஸ்ஸில் சாப்பிட்டுவந்தார். அவர் கை கழுவும் இடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"மாமா, அதைக் கொதிக்கவிடாதேங்கோ. இறக்கிவெச்சப்புறம் போடுங்கோ. அப்பவும் சில பேர் நாக்குக்குக் கசக்கும். அது உங்க தப்பில்லை."

"அப்போ அது இனிப்பா, கசப்பா?"

"ரெண்டும்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாகற்காய் எல்லாருக்கும் கசக்கிறது. சர்க்கரை எல்லாருக்கும் இனிக்கிறது. இது மட்டும் ஆளைப் பார்த்து மாறுமா? ருசி பாயசத்தில் இருக்கிறதா, குடிக்கிறவர் வாயில் இருக்கிறதா? வாயில்தான் என்றால் நான் இத்தனை வருஷம் உருளியில் எதைக் கிளறிக்கொண்டிருந்தேன்?

மறு ஞாயிறு மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "இன்னிக்கு நான் பண்றேன். நீர் தள்ளி நில்லும்." இறக்கிவைத்தபின் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அப்படியே செய்தார். சுவாமிக்குக் காட்டியானதும் அண்ணா ஒரு டம்ளர் குடித்தார்.

"பார்த்தேரா ஓய்! கை மாறினதும் ருசியே மாறிப்போச்சு."

மாமியும் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"கசக்கறது."

"நீ பண்ணினதுடி!"

"யார் பண்ணினா என்ன? கசக்கறதுன்னா கசக்கறது. அவரைக் கேளுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாமி என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். கசக்கிறது என்று சொன்னால் போதும், என் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும். அது எனக்குத் தெரியும். குடித்தேன். நாக்கு நுனியில் இனித்தது. உள்ளே போகப் போக, அடிநாக்கில் வேறு ஏதோ இருந்தது. கசப்பா அது? இன்னொரு வாய் குடித்தேன். இப்போது அது இல்லை போலிருந்தது, ஆனால் இனிப்பும் முன் மாதிரி இல்லை. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இனித்தது.

"என்ன ஓய், சொல்லுமே?"

"சூடா இருக்கு அண்ணா."

மாமி சிரித்துவிட்டார். "இவரை மாத்தி என்ன பண்ணப்போறேள்? என் கைக்கும் கசக்கறது. கல்பாத்திக்காரன் வந்தாலும் இதே மாத்திரையைத்தானே போடுவான்?"

அண்ணா சீசாவை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. பாயசத்தை இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். சர்க்கரை வருகிறவரை ஞாயிற்றுக்கிழமைக்கு வடை போடச் சொன்னார்.

"நானா அண்ணா?" என்று கேட்டேன்.

"பின்னே யாரு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து கடலைப் பருப்பை ஊறப்போட்டேன்.