கரடி தின்ற அப்பா

என் அப்பாவைக் கரடி தின்றுவிட்டது என்று ஒரு முற்பகல் முழுக்க நம்பினேன். கரடி மனிதனைத் தின்னாது, எண்ணெயும் பலாப்பழமும் கிடைத்தால் போதும் அதற்கு என்பது குன்னூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் நம்பினேன். பயம் வந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதல் பேருந்தைப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கிவிடும். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. கோயம்புத்தூரில் பம்புசெட் விற்கிறவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். சின்ன வயசு, ஏதோ பயந்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

அப்பா வெலிங்டன் பக்கம் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னோடு வந்துவிடுவார் என்று நான் மாடியில் ஒரு அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்து வைத்தேன். வரவில்லை. அதே பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற, கல்யாணமே செய்துகொள்ளாத நண்பரும், அங்கே மருந்தகத்தில் நர்ஸாக இருந்து கணவரை இழந்த ஒரு அம்மாவும் அப்பாவும் ஆக மூன்று பேர் சேர்ந்து, அரவேணுவில் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சொந்தக்காரர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் நர்ஸம்மா எனக்கு ஊசி போடுவார்.

உண்மையில் அது வீடு மாதிரியே நடக்கவில்லை, பட்டறை மாதிரி நடந்தது. சமையல் முறை வைத்து. வெந்நீர் பாய்லருக்கு விறகு வைப்பது அப்பா. சோப்புக்கட்டி தீர்ந்தால் ஸ்டோர் கீப்பரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ந்த சோப்பின் தேய்ந்த துண்டைக் காட்டினால்தான் புதியது கிடைக்கும். ஒருமுறை நான் விருந்தாளியாகப் போய்ச் சீட்டு எழுதாமல் பேஸ்ட் கேட்டு, கரித்தூளில் பல் துலக்கினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே டோக்கன். பட்டறையில் ஒவ்வொருவருக்கும் எண் அடித்த வில்லை உண்டு. அதே போல அப்பா தகரத்தில் மூன்று வெட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் பலகை அடித்து, மூன்று ஆணியில் மாட்டியிருந்தார். வெளியே போகிறவர் தன் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்தால் மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே. ஆணி காலியாக இருந்தால் ஆள் வெளியே. பனிமூட்டத்தில் வயதானவர் ஒருவர் வீடு திரும்பாவிட்டால் உடனே தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

அன்று நான் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தேன். கையில் இரண்டு காலிப் பைகள். அப்பாவின் துணிமணியை அதில் அடைத்து அவரைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அறுபத்துநாலு வயதில், ரத்த அழுத்தத்தோடு, காட்டெருமை மேய்கிற இடத்தில் எதற்கு இருக்க வேண்டும்? பத்தரை மணிக்கு இறங்கினேன். பனி அப்படி இறங்கியிருந்தது, என் கையிலிருந்த பையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்தவர் ஸ்டோர் கீப்பர்.

"வா கண்ணு. என்ன, ரெண்டு பையும் காலியாக் கொண்டாந்திருக்கறே?"

"அப்பா எங்கீங்க பெரியப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். "உள்ளதான் இருக்கறாரு. பத்து மணிக்கு மேல படுத்திருக்கோணும்னு நர்ஸம்மா உத்தரவு."

அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். கட்டிலில் போர்வை மட்டும் படுத்திருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் செல்போன். கொக்கியில் ஸ்வெட்டர். வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.

"இங்க இல்லீங்களே."

"இருப்பாரு. டோக்கன் தொங்குது பாரு."

"டோக்கன் தொங்குதுங்க, ஆளைக் காணோமே!"

"முப்பத்தாறு வருசத்துல உன்ற அப்பன் ஒரு நாள் டோக்கன் தப்பா மாட்டுனவரில்ல. உள்ள தேடலாம் வா."

தேடினோம். குளியலறை. விறகு அடுக்கியிருந்த மூலை. ஸ்டோர் கீப்பர் முட்டி நோக உட்கார்ந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து நர்ஸம்மா வந்தார்.

"ஏனுங்க, தகரத்துக்கு என்ன தெரியும்? ஆள் இல்லீன்னா இல்லைதானுங்களே" என்று ஸ்டோர் கீப்பரை ஒரு வாங்கு வாங்கினார். வாங்கிவிட்டு, போகிற போக்கில் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து அவரும் உள்ளே பார்த்தார்.

மிச்சம் இருந்தது பின்கட்டு மட்டும்தான். அங்கே போனோம். பின்கதவின் கீழ்ப்பாதியில் நாலு நாலாகக் கீறல்கள். மரம் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு ஆழம். தாழ்ப்பாள் பிய்ந்து, அதற்குப் பதிலாகக் கம்பி கட்டியிருந்தது. அந்தக் கம்பியும் அப்போது அவிழ்ந்து தொங்கியது. வெளியே முற்றத்தில் எண்ணெய் டின் ஒன்று காகிதம் மாதிரி கசங்கிக் கிடந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'ஐயோ அப்பா' என்பதல்ல. 'நான்தான் சொன்னேனே' என்பது. சொந்த அப்பாவைக் கரடிக்குக் கொடுத்துவிட்டு வழக்கில் ஜெயித்த மாதிரி ஒரு நொடி நிமிர்ந்து நின்றேன். அடுத்த நொடி அந்த நினைப்பே என்னைக் கரடியைவிட அதிகமாக நடுங்க வைத்தது.

"இது என்னங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டோர் கீப்பர், "அது மரக்கதவு, தானா விரிசல் உடும்" என்றார்.

"நாலு நாலாவுங்களா?"

நர்ஸம்மாதான் உடைத்தார். "முந்தாநேத்து விடியக்காலம் வந்துச்சு கண்ணு. டின்னு எண்ணெயக் குடிச்சுப்போட்டு அதுபாட்டுக்குப் போயிருச்சு. உன்றகிட்டச் சொன்னா அப்பனைக் கையோட கூட்டிட்டுப் போயிருவீன்னு, உங்கப்பாதான் சொல்ல வேண்டாம்னாரு."

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைப் பாருங்கள். டோக்கன் தொங்குகிறது; ஆகவே அப்பா வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கட்டிலில் இல்லை, டிரம்மிலும் இல்லை. கரடி வீட்டுக்குள் வந்திருக்கிறது. அப்படியானால் அப்பா கரடிக்குள் இருக்கிறார். அதற்குத்தான் டோக்கன் கிடையாதே! பம்புசெட் வாங்க வருகிறவர்களுக்கு நான் கிணற்று ஆழத்தை இப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னால் ஊரில் ஒரு தோட்டமும் நனையாது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு மறுக்க முடியாத உண்மையாக இருந்தது. அம்மா இருந்திருந்தால் அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்து, அழக்கூட ஆரம்பித்தேன்.

கரடியை விரட்ட எங்கள் பக்கத்தில் தகரம் அடிப்பார்கள். அடுப்படியிலிருந்து பெரிய தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்தேன். தலைக்கு ஒரு அலுமினியச் சட்டி. "சீட்டு?" என்று வாய்வரை வந்ததை ஸ்டோர் கீப்பர் விழுங்கிக்கொண்டதை நான் கவனித்தேன். பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் இறங்கினேன். வீரத்தோடு அல்ல. நர்ஸம்மா முன்னால் நடந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னால்.

தாம்பாளத்தை அடித்தேன். "கரடி! கரடி!" என்று கத்தினேன். நடுநடுவே "அப்பா!" என்றும் கத்தினேன், ஆனால் அது எனக்கே கேட்கவில்லை. பனிக்குள் இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் கறுப்பாக, குந்தி உட்கார்ந்த வாக்கில் ஏதோ தெரிந்தது. நான் நர்ஸம்மாவின் தோளைப் பிடித்த பிடியில் அவர் "விடு கண்ணு, எலும்பு பலமில்லாத ஒடம்பு" என்றார். கிட்டே போய்ப் பார்த்தால் அது கொழுந்து நிரம்பிய சாக்கு. பக்கத்தில் இன்னொன்று, வாய் திறந்தபடி, பாதி கொழுந்து தரையில் கொட்டி. யாரோ போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். எதைப் பார்த்து ஓடினார்கள்? எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. இன்னும் பலமாக அடித்தேன்.

எவ்வளவு நேரம் அடித்தேனோ, கரண்டியின் காம்பு வளைந்துவிட்டது. தொண்டை போய்விட்டது. அடிப்பதை நிறுத்தினேன். அப்போது மிக அருகில், பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏனுங்க, போயிருச்சுங்களா?"

பத்தடியில் கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"எதுங்க?" என்றேன்.

"கரடிதானுங்க! ரொம்ப நேரமா யாரோ தகரம் அடிச்சுத் தொரத்திக்கிட்டிருந்தாங்களே!"

அதற்குப் பின்னால் இன்னொரு குரல், ஆண் குரல். "நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்கம்மா! அடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க!"

அது அப்பா.

கதவு திறந்தது. இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக அப்பா வந்தார். அவர் இடுப்பிலும் அதே தாள், காலில் ரப்பர் பூட்ஸ், விரல் நுனியெல்லாம் கறை. தலையில் சட்டியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மூன்று வாரமாக அவர் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். வீடும் தோட்டமும் ஒரே ஆளுக்குச் சொந்தம். பறிப்பு எங்கள் பக்கம் பெண்கள் வேலை. ஃபோர்மேனாக இருந்தவர் கூடையோடு நின்றால் வீட்டில் இருவரும் கேலி செய்வார்கள் என்று, கை பழகும்வரை சொல்லாமல் இருந்திருக்கிறார். நர்ஸம்மா படுக்கச் சொன்ன நேரம்தான் பறிக்கிற நேரம்.

"உங்க அய்யன் மொதல் நாள் ஒவ்வொரு கொழுந்தையும் அளவு பாத்து அளவு பாத்துப் பறிச்சாருங்க" என்றார் பறிப்பவர்களில் மூத்தவர். "மத்தியானம் வரைக்கும் ஒரு செடி தாண்டல. இப்பப் பரவாயில்ல, எங்க பேத்தி அளவுக்குப் பறிக்கறாரு."

ஸ்டோர் கீப்பர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருக்கு வேறு கவலை. "டோக்கனை ஏனுங்க எடுக்கல?"

"கேட்டைத் தாண்டுனாத்தான டோக்கன்? தோட்டம் நம்ம வேலிக்குள்ளதான இருக்குது? செக்சன் விட்டு செக்சன் போறதுக்கு எந்தப் பட்டறையில டோக்கன் எடுத்தாங்க?"

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். "அது ரூல்தான்" என்று ஒத்துக்கொண்டார். நர்ஸம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

வீட்டுக்குள் போனதும் நர்ஸம்மா எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். அப்பாவுக்கு எப்போதும் இருப்பதைவிடக் குறைவு. எனக்குத்தான் பட்டையை இரண்டாம் முறை கட்டி, படுக்க வைத்தார். அப்பா கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"என்னையக் கூட்டிட்டுப் போகத்தான வந்தே?"

"ஆமாங்கப்பா. கரடி வருதில்லீங்களா இங்க."

"வருது. எனக்கும் பயந்தான். உள்ள தாழ் போட்டவனே நாந்தான். அதுக்காவ?" கையை விரித்து, கறை பிடித்த விரல்களைத் தானே பார்த்துக்கொண்டார். "உன்ற ஊட்டு மாடியில உக்காந்து நான் என்னத்தப் பறிக்கறது?"

நான் எழுந்து காலிப் பைகள் இரண்டையும் மடித்து வைத்தேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் செல்போன் மூன்று முறைக்கு மேல் அடித்து அவர் எடுக்காவிட்டால் எனக்கு வியர்க்கும்.

நடந்தது இவ்வளவுதான். அன்று அரவேணுவில் எங்கள் வீட்டுப் பக்கம் கரடி எதுவும் வரவில்லை. பின்கதவுக் கம்பியை அவிழ்த்தது அப்பா. வீட்டிலிருந்து அறுபதடி தூரத்தில், பதினொரு பெண்களோடு, நான் அடித்த சத்தத்துக்குப் பயந்து அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். சாயங்காலப் பேருந்தில் நான் மட்டும் கோயம்புத்தூர் திரும்பினேன்.