ஒரு வீட்டுக்கு ஒரு கை

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தெருமுனைக் கோப்பிக் கடையில் காலை எட்டு மணிக்கே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடிவிடும். நீதிபதிகள் எல்லோரும் எங்கள் ஊர் அங்கிள்மார். தங்கள் தொகுதியின் உறுப்பினர் யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்து நாட்டு அரசியலமைப்பைக் காணி உறுதிப் பத்திரம்போலக் கக்கத்தில் வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் ஒருமுறை சிவப்பு விளக்கைத் தாண்டிப் பொலிஸிடம் அகப்பட்டார். தனக்கெதிராகத் தானே பேசத் தேவையில்லை என்ற அமெரிக்க ஐந்தாம் திருத்தத்தை நம்பி, "ஐ ரேக் த ஃபிஃப்த்" என்றார். பொலிஸ்காரர் பணிவாகக் கேட்டார்: "ஃபிஃப்த் வட், சேர்?"

சென்ற மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம். இலங்கையில் எங்கள் ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு கட்டுவதா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டுவதா என்பது கேள்வி. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்க இடமில்லாததால்தான் வயதுக்கு வந்ததும் அம்மாவின் படிப்பு நின்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண் நான். கழிப்பறைக்கு அம்மா கையை உயர்த்தினார். செயலாளர் எண்ணாமல் தாண்டிப் போனார். சங்கத்தின் யாப்புப்படி, அதாவது அதன் சட்டவிதிப்படி, வீட்டுக்கு ஒரு வாக்கு, அதுவும் ஆணுக்கு. அப்பா இறந்தபின் எங்கள் வாக்கு விட்பி நகரில் தனியே வாழும் அண்ணனுடையது. அவன் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

நான் எழும்பினேன். "அங்கிள், உந்த விதியை மாத்தலாம்தானே?"

"பிள்ளை, அமெரிக்காவைப் பார்," என்றார் தலைவர். "எழுதினவை என்ன நினைச்சு எழுதிச்சினமோ, அதுதான் இண்டைக்கும் சட்டம்."

"அவையிலை கனபேர் அடிமையளை வைச்சிருந்தவை, அங்கிள். பொம்பிளையளுக்கு வாக்கு வந்ததே பிறகு திருத்தித்தான். நீங்கள் பொலிஸிட்டைச் சொன்ன அஞ்சாவதும் திருத்தம்தானே?"

பின்வரிசை சிரித்தது. "படிச்ச திமிர்," என்றது ஒரு குரல். ஓம், அதேதான்.

"எங்கடை யாப்பை எழுதினவர் இஞ்சைதானே இருக்கிறார். என்ன நினைச்சவர் எண்டு கேப்பமே?" என்றேன்.

முன்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்த முதியவர் நிமிர்ந்தார். "என்னத்தை நினைக்கிறது? அப்ப அறிவித்தல் தபாலிலை. வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் காணுமெண்டு வீட்டுக்கு ஒரு பேர் எழுதினனாங்கள்."

எங்கள் புனித யாப்பு முழுவதும் ஒரு தபால் உறைக்குள் அடங்கிவிட்டது. தலைவர் அசையவில்லை. "அது அண்ணையின்ரை தனிப்பட்ட கருத்து."

யாப்பைத் திருத்தலாமா என்று வாக்கெடுத்தார்கள். வாக்குள்ள ஆண்களே வாக்களித்து, மற்றவர்களுக்கு வாக்கு வேண்டாமென்று முடிவு செய்தார்கள். வளைவு வென்றது. இலங்கையில் விரலில் மை பூசி வாக்களித்தவர் அம்மா. இங்கே போன தேர்தலில் மட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று பென்சிலால் புள்ளடி போட்டார். இரண்டு அரசாங்கங்கள் எண்ணிய கையை எண்ண எங்கள் சொந்த ஊருக்குத்தான் முடியவில்லை.

கூட்டம் கலையும்போது செயலாளர் ஓடிவந்தார். "அன்ரி, உந்த வடைத் தட்டுகளை ஒருக்கால் கழுவித் தாறியளே?"

"வீட்டுக்கு ஒராள்தானே, தம்பி," என்றார் அம்மா, குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டே. "எங்கடை ஆள் விட்பியிலை. அவனைக் கூப்பிடுங்கோ."

வெளியே பஸ் தரிப்பிடத்தில் காத்து நின்றோம். இந்த நகரத்தில் தரிப்பிடத்தில் நின்றாலே பஸ் நிற்கும். அம்மா இன்னமும் ஊர்ப் பழக்கத்தில் கை காட்டுவார்; நான் வெட்கப்பட்டு அந்தக் கையைப் பிடித்து இறக்குவேன். அன்று இறக்கவில்லை. அம்மா கையை உயர்த்தினார். பஸ் நின்றது.